அலகிடத் தெரியும், எழுத வருமா?

அவையோர்க்கு வணக்கம்.

இலக்கியத்தை முறையாகப் படித்தால் எழுத்து மேம்படுமா என்று கேட்டவுடன் இரண்டு பக்கமும் பெயர்களோடு வந்து நிற்பார்கள். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத எழுத்தாளர் கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார் என்பார் ஒருவர். தமிழ்ப் பேராசிரியரான மு. வரதராசன் 1961இல் நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றாரே என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். ஆனால் ஆள் எண்ணிக்கையால் இந்த வழக்கு தீராது. வகுப்பில் மாணவரின் கை எதைச் செய்யப் பழகுகிறது என்று பார்க்க வேண்டும்.

யாப்பையே, அதாவது செய்யுள் இலக்கணத்தையே, எடுத்துக்கொள்வோம். வகுப்பில் நடப்பது அலகிடுதல். கொடுத்த செய்யுளைச் சீர் பிரித்து, அசைகளை நேர் நிரை என்று குறித்து, சீரின் பெயரான வாய்பாடும் சீரோடு சீர் இணையும் தளையும் சொன்னால் முழு மதிப்பெண். குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர், குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ வந்தால் நிரை. அதே மாணவரை ஒரு நேரிசை வெண்பா எழுதச் சொல்லுங்கள். நான்கடி, 15 சீர், இரண்டாம் அடி முடிவில் எதுகையோடு தனிச்சொல். நேரில் முடியும் ஈரசைச் சீரான மாவை அடுத்து நிரை, நிரையில் முடியும் ஈரசைச் சீரான விளத்தை அடுத்து நேர், நேரில் முடியும் மூவசைச் சீரான காயை அடுத்து நேர் வர வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுள் ஒன்று. விதி முழுக்க மனப்பாடம். இரண்டாவது அடிக்குள் பேனா நின்றுவிடும்.

ஏன் என்று பாருங்கள். 'வீடு தூரம்' என்று எழுத வருகிறார். வீடு தேமா, நேர் நேர் என்ற மாச்சீர். அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், 'தூ' நேர். தளை தட்டுகிறது. 'வீடு தொலைவு' என்று மாற்றினால் சரியாகும். ஆனால் 'தொலைவு' புளிமா, நிரை நேர் என்ற மாச்சீர், அதனால் அடுத்த சீரும் நிரையில்தான் தொடங்க வேண்டும். அங்கே வைத்திருந்த சொல் நேரில் தொடங்கினால் அதுவும் போகிறது. இப்படி முதலில் வந்த சொல்லைக் கைவிட்டு இரண்டாவதை, மூன்றாவதைத் தேட வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் லாபம். உரைநடை மட்டுமே எழுதப்போகிறவருக்கும் இது வேண்டும். இருபது வெண்பா எழுதினால் பெரும்பாலும் மோசமான கவிதைகளாகத்தான் இருக்கும். இருக்கட்டும். சீரை நிரப்ப 'தான்', 'அன்றோ', 'அம்மா' என்று எங்கெங்கே திணித்தோம் என்று கோடிட்டுப் பார்த்தால், நம் உரைநடையில் 'ஒரு'வும் 'என்பது'ம் அதே வேலையைச் செய்வது கண்ணில் படும்.

அடுத்து, அகப்பாட்டின் முதல், கரு, உரி. முதல் என்பது நிலமும் பொழுதும், கரு அந்த நிலத்தின் உயிர்களும் பொருள்களும் தொழில்களும், உரி அங்கே நிகழும் உணர்வு. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்று பட்டியலாகப் படித்துத் தேர்வில் இறக்கிவைத்துவிட்டு மறந்துபோகிறோம். இது அருமையான திருத்தக் கருவி என்பது என் கட்சி. உங்கள் கதையின் ஒரு பக்கத்தில் இடமும் பொழுதும் வரும் இடங்களை ஒரு நிறத்திலும், பொருள்கள், உயிர்கள், தொழில்களை இன்னொரு நிறத்திலும், 'ஏக்கம்', 'தவிப்பு' போன்ற உணர்ச்சிச் சொற்களை மூன்றாவதிலும் குறியுங்கள். மூன்றாம் நிறம் பக்கத்தை மூடியிருந்தால் கதை நடக்கவில்லை, அறிக்கை வாசிக்கப்படுகிறது. உடனே உணர்ச்சிச் சொற்களை அடித்துவிட்டு, சோகத்துக்கு மழை, பிரிவுக்கு உதிர்ந்த இலை என்று ஒட்டவைப்பார்கள். அது இன்னும் மோசம். அகப்பாட்டின் உள்ளுறையில், அதாவது நிலக்காட்சிக்குள் மறைத்துவைத்த உவமையில், வரும் விலங்கும் பறவையும் அந்த நிலத்தில் தம் போக்கில் மேய்கின்றன, மீன் தேடுகின்றன. உவமையாகப் பயன்படுவதற்கென்று வந்து நிற்பதில்லை. கதையில் வரும் பொருளுக்கும் அந்தக் காட்சியில் சொந்த வேலை ஒன்று இருக்க வேண்டும்.

படிப்பு கெடுப்பதும் உண்டு. தேர்வு விடையில் கருத்தை முதலில் சொல்லி, மேற்கோள் காட்டி, 'எனவே' என்று முடிக்கிறோம். மூன்று வருடம் இதைச் செய்த கை, கதையின் முதல் பத்தியிலேயே முடிவை உடைத்துவிடும். மொழியும் கெடும். 'அவள் மௌனம் எதிர்ப்பின் வெளிப்பாடாக அமைந்தது' என்பது ஆய்வேட்டு வாக்கியம். 'அவள் பதில் சொல்லாமல் தட்டை நகர்த்தினாள்' என்றால் போதும். நமக்குள் இருக்கும் விமர்சகர் முதல் வரைவிலேயே வந்து உட்கார்ந்துகொள்வது இன்னொரு தொல்லை. வரைவு முடிந்து ஒரு வாரமாவது போகும்வரை அவரை உள்ளே விடக் கூடாது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கியது போன்ற எழுத்துப் பட்டறைகள் வேறு வகை. அங்கே மாணவரின் வரைவே பாடம். பத்துப் பேர் சொன்ன திருத்தத்தையும் ஏற்று முனைகளை எல்லாம் மழுக்கிவிடுவது அங்குள்ள ஆபத்து.

பாடத்திட்டத்துக்கு ஒரு பலம் உண்டு, அதை மறுக்க முடியாது: பிடிக்காததையும் படிக்க வைக்கும். தானாகப் படிப்பவர் தன் ருசியின் பக்கமே திரும்பத் திரும்பப் போவார். அவர் நடையில் அது தெரியும்.

ஆகவே இலக்கிய வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டுரை எழுதும் முன், அந்தப் படைப்பின் ஒரு பத்தியைக் கையால் படியெடுங்கள். மறுநாள் மூடிவைத்துவிட்டு, அதே வாக்கிய நீளங்களில், அதே இடத்தில் காலம் தாவும்படி, வேறு விஷயத்தை எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியத்தில் உங்களுடையது தொய்கிறது என்று குறியுங்கள். கட்டுரையை அதற்குப் பிறகு எழுதலாம். பட்டம் படிக்காதவர்களும் இதையே செய்யலாம். பிடிக்காத நூல்களை மட்டும் வேறு யாரையாவது தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள்.