தண்ணீர் போகாத கல்

[காட்சி: வவுனியாவில் ஒரு வளவு. குழாய்க் கிணறு அடிக்கும் இயந்திரம். கல்மா புகையாய்ப் பறக்கிறது.]

வன்னியில் குழாய்க் கிணறு அடித்தவர்களுக்கு இந்தக் கவலை தெரியும். வளவின் ஒரு மூலையில் நல்ல ஊற்று. பத்து யார் தள்ளி அடித்தால் வெறும் கல்மா. அடியில் இருப்பது 50 கோடி வருடத்துக்கும் மூத்த கருங்கல். தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. துளை வெடிப்பில் பட்டால் கிணறு, படாவிட்டால் கடன்.

அணுக்கழிவைப் புதைக்க இடம் பார்க்கும் புவியியலாளரும் இதே வெடிப்பைத்தான் தேடுகிறார், அது இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்க. நமக்குப் பொய்த்த கிணறு அவருக்கு நல்ல செய்தி. பயப்படாதீர்கள், இலங்கையில் அணுமின் நிலையமே இல்லை; விளங்கவைக்கத்தான் ஊர்க் கல்லை எடுத்தேன்.

[காட்சி: பின்லாந்து வரைபடம். ஓல்கிலுவோட்டோ.]

ஆழத்தில் புதைத்த கழிவு தானாக மேலே வராது. தண்ணீர்தான் கரைத்துக் கொண்டுவரும். அந்தக் கழிவில் உள்ள புளுட்டோனியம் 239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 வருடம் வேண்டும். அத்தனை காலமும் கல் தண்ணீரை மறிக்க வேண்டும்.

பின்லாந்து தன் அணுக்கழிவைப் புதைக்கத் தேர்ந்த இடம் ஓல்கிலுவோட்டோ. அங்குள்ள பாறைக்கு ஏறக்குறைய 190 கோடி வயது. கழிவுக்கான சுரங்கம் 400 மீற்றருக்கும் கீழே. வயதைப் பார்த்து மட்டும் யாரும் சரி சொல்லிவிடவில்லை. துளை போட்டார்கள், துளையின் ஒரு துண்டை மட்டும் அடைத்துத் தண்ணீரை அழுத்தி, எவ்வளவு கல்லுக்குள் போகிறது என்று அளந்தார்கள். ஆழத்துத் தண்ணீரையும் சோதித்தார்கள். அது உவர். கிணற்றில் உவர் வந்தால் நாம் முகம் சுளிப்போம். அவர்களுக்கோ, மேலே பெய்யும் மழை அங்கே எளிதில் இறங்குவதில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அப்படியும் வெடிப்பே இல்லாத கல் கிடையாது. அதனால் கழிவைச் செப்புக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் பென்டனைட் களிமண்ணை வைக்கிறார்கள். முருங்கன் வயல்களில் பார்த்திருப்பீர்கள்: கோடையில் பிளந்து கிடக்கும் களி மாரியில் ஊதித் தன் வெடிப்பைத் தானே மூடும். பென்டனைட்டும் அந்தச் சாதிதான்.

[காட்சி: ஜேர்மனியின் அஸ்ஸே உப்புச் சுரங்கம்.]

உப்புப் பாறையும் நல்லதே. தண்ணீர் ஓடியிருந்தால் அது எப்போதோ கரைந்திருக்கும். ஆனால் அஸ்ஸே, உப்புக்காக ஏற்கெனவே குடையப்பட்ட பழைய சுரங்கம். 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 அணுக்கழிவுப் பீப்பாய்களை அங்கே இறக்கினார்கள். 1988 முதல் சுரங்கத்துக்குள் தண்ணீர் கசிகிறது. இறக்கியதையெல்லாம் திரும்ப மேலே எடுக்க இப்போது திட்டம் போடுகிறார்கள்.