காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

அவையோருக்கு வணக்கம்.

விபத்து என்றால் ஓடிப்போய்த் தூக்கு என்றே நம்மை வளர்த்திருக்கிறார்கள். கவிழ்ந்து கிடப்பது டேங்கர் லாரி என்றால் அந்த நல்ல பழக்கமே ஆளைக் கொன்றுவிடும்.

2017 ஜூன் 25. பாகிஸ்தானில் பகவல்பூர் பக்கம் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. உடனே தீப்பிடிக்கவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. ஒழுகுவதைப் பிடிக்கக் கூட்டம் கூடிய பிறகு பற்றிக்கொண்டது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். பேராசை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தினமும் பார்க்கிற பொருளிடம் யாருக்குத்தான் பயம் இருக்கும்? நம் கண்ணில் படுவது தரையில் ஓடும் பெட்ரோல். பற்றுவதோ அதன் மேல் தவழும் ஆவி. காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் சாக்கடையிலும் இறங்கித் தள்ளிப் போய், எங்கோ ஸ்டார்ட் செய்யும் வண்டியில் பற்றிக்கொண்டு திரும்பி வரும்.

அதனால் முதலில் காற்றைப் பாருங்கள். காற்று உங்கள் முதுகில் பட வேண்டும், நிற்கும் இடம் மேடாக இருக்க வேண்டும். அங்கிருந்தே, முடிந்தால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கி, வண்டியில் எழுதியிருக்கும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணைப் படியுங்கள்; உள்ளே இருக்கும் சரக்கு என்னவென்று சொல்வது அந்த எண்தான். எண் தெரியவில்லை என்று கிட்டே போகாதீர்கள். 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1428 சோடியம். போனில் "லாரி கவிழ்ந்துவிட்டது" என்று மட்டும் சொன்னால் தீயணைப்புக்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வருவதற்குச் சமம். அம்மோனியாப் புகையைத் தண்ணீர்ச் சாரலால் அமுக்கலாம். சோடியத்தில் அதே தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும்.

எரிவாயுத் தொட்டியைத் தீ சூழ்ந்துவிட்டால் கதையே வேறு. வட அமெரிக்க அவசரகாலக் கையேடு எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர் விலகச் சொல்கிறது. சேஃப்டி வால்வின் சீற்றம் ஏறிக்கொண்டே போனால் தீயணைப்பு வீரர்களும் உடனே பின்வாங்க வேண்டும். வேடிக்கை பார்க்க நிற்பவர்களை என்ன சொல்ல!

"அப்போ டிரைவரை அப்படியே விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புகைக்குள் போய் நீங்களும் விழுந்தால், வருகிறவர்கள் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும். அவரே தட்டுத்தடுமாறி வெளியே வந்துவிட்டால், காற்று வரும் பக்கமாகக் கூட்டிக்கொண்டு நடங்கள். நனைந்த சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். அப்படியே கேளுங்கள்: "அண்ணே, வண்டியில என்ன சரக்கு?"