செவியும் ஃகெப்டாவும்

நண்பர்களே, எல்லாரும் ஒரு தடவை காதைத் தொட்டுப் பாருங்கள். நாம் இதைச் செவி என்கிறோம். கன்னடத்தில் கிவி. ராஞ்சிப் பக்கம் ஒராவோன் பழங்குடியினர் வீட்டில் கேட்டால் 'ஃகெப்டா' என்பார்கள். ஆதியில் இந்தச் சொல் ககரத்தில்தான் தொடங்கியது. அதைச் சகரமாக்கிக்கொண்டது நாம்தான். நம் வாயிலிருந்து போன ஒலியின் தடம் அவர்கள் வாயில் இருக்கிறது.

அவர்கள் மொழிக்கு குருக் என்று பெயர். தமிழ், கன்னடம் போல அதுவும் ஒரு திராவிட மொழிதான். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இதைத் தாய்மொழி என்று சொன்னார்கள். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, அப்புறம் மேற்கு வங்கம், அசாம் தேயிலைத் தோட்டங்கள். தோட்டங்களில் இருப்பவர்கள், வெள்ளைக்காரன் காலத்தில் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

கண் அவர்களுக்கு 'ஃகன்'. அந்த முதல் ஒலியை அடித்தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும். தமிழில் எழுத ஆய்தம்தான் கைகொடுக்கிறது. பல், பல்தான். வாய், 'பை'. எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய 'நாம்'. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'ஏம்'. சங்கப் பாட்டில் வரும் 'யாம்' இல்லையா இது! சுற்றிலும் கேட்கும் இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'. அதற்கு நடுவிலும் இந்த வித்தியாசத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

எண்களைக் கேட்கும்போதுதான் மனசு கனக்கிறது. ஒண்டா, எண்ட், மூந்த், நாஃக். நாலோடு சரி. ஐந்திலிருந்து எல்லாம் வடக்கத்திச் சொற்கள். சந்தையில் காசு யார் கையில் இருந்ததோ, அவர்கள் மொழியில்தான் எண்ண வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் சந்தையில் அந்தப் பக்கத்துப் பொது மொழியான சாதரி, பள்ளிக்கூடத்தில் இந்தி. வீட்டிலும் தாய் பிள்ளையிடம் சாதரியில் பேசத் தொடங்கிவிட்டால், அந்த நாலு எண்களும் ஒரே தலைமுறையில் போய்விடும். யுனெஸ்கோ குருக் மொழியை அழியும் அபாயத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆனால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நாராயண் ஒராவோன் என்ற மருத்துவர் தம் மொழிக்கென்று எழுத்துகளை உருவாக்கி 1999இல் வெளியிட்டார். 'தோலோங் சிகி' என்று பெயர். ஜார்க்கண்ட் அரசு 2007இல் அதை ஏற்றுக்கொண்டது. 2025இல் யூனிகோடிலும் இடம் கிடைத்துவிட்டது. ஃகெப்டாவின் முதல் ஒலியை எழுத நான் ஆய்தத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ராஞ்சிப் பிள்ளைக்கு அந்தத் தேவை இல்லை. அந்த ஒலிக்கென்றே அவளிடம் ஓர் எழுத்து இருக்கிறது.