தூரம் ஒன்று, நேரம் வேறு

நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று நாம் கேட்பது பெரும்பாலும் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துகொள்ளத்தான். கனடாவின் வடபகுதியில் இந்த இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை, யெல்லோநைஃப், இகலூயிட் என்னும் இரு விமான நிலையங்களை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

யெல்லோநைஃப் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் இருக்கிறது. இகலூயிட் அதற்குக் கிழக்கே, பாஃபின் தீவில் இருக்கிறது; அது நுனாவுட் பிரதேசத்தின் தலைநகர். நுனாவுட்டின் 25 ஊர்களில் எந்த இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. கோடையில் கப்பல் வரும். மற்றபடி நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போவதும், தபாலும் புதிய காய்கறியும் வந்துசேருவதும் விமானத்தில்தான். நமக்குப் பேருந்து நேரம் எப்படியோ, அவர்களுக்கு விமான நேரம் அப்படி.

முதலில் தூரம். இதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை உண்டு. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 62 பாகைக்கும் 64 பாகைக்கும் இடையில் இருப்பதால், விமானம் நேர் கிழக்காகப் பறந்தால் போதும் என்று சுவரில் தொங்கும் வரைபடம் நம்மை எண்ணவைக்கும். வீட்டில் பிள்ளைகளின் பூமி உருண்டை இருந்தால் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, ஏறக்குறைய 65 பாகையைத் தொட்டு, பிறகு இறங்கும். அதுதான் குறுகிய வழி. சுமார் 2,260 கிலோமீட்டர். அட்சரேகையை ஒட்டியே போனால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கூடுதல். மீண்டும் சொல்கிறேன்: வரைபடத்தில் வளைந்து தெரிவதே உருண்டையில் நேரான வழி. வடக்கே போகப் போக இந்த வளைவு இன்னும் கூடும். துருவத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள ஊர்களுக்குத் துருவத்தின் மேலாகப் போவதே சுருக்கம்.

இனி நேரம். ஜெட் விமானம் நிற்காமல் போனால் மூன்றேகால் மணி நேரம் என்று கணக்குப் போடலாம். ஆனால் ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள ரேங்கின் இன்லெட்டில் இறங்கி ஏறும் சிறிய சுழல்விசிறி விமானத்தில், தூரம் 50 கிலோமீட்டரே கூடினாலும், பயணம் ஐந்தரை மணியை எட்டிவிடும். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 80 கிலோமீட்டர் காற்று போகும்போது துணையாகவும் திரும்பும்போது எதிராகவும் அமைந்தால், பறக்கும் நேரத்தில் மட்டும் ஒன்றரை மணி வேறுபடும். இதற்கு மேல் கடிகாரக் கணக்கும் உண்டு. கோடையில் இகலூயிட் கடிகாரம் யெல்லோநைஃபைவிட இரண்டு மணி நேரம் முன்னே ஓடும். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு ஐந்தரை மணி நேரம் பயணம் செய்தவர் இறங்கும்போது, அங்கே மாலை நான்கரை.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போவதால் வானிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனிப்புயலால் இகலூயிட்டில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் பக்கத்தில் இருக்காது. அப்படியொரு மாற்று நிலையமான குஜுவாக் சுமார் 630 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. அவ்வளவு தூரத்துக்கான எரிபொருளையும் சுமந்துதான் புறப்பட வேண்டும். அந்த எடைக்கு ஈடாகச் சில நாள்களில் சரக்கைக் குறைக்க நேரிடும். நன்றி, வணக்கம்.