பட்டம் மகனுக்கு, சாவி அப்பா இடுப்புல

எல்லாருக்கும் வணக்கம். ஹென்றின்னு சொன்ன உடனே முன் வரிசையில ரெண்டு பேர் சிரிக்கிறீங்க, ஆறு பொண்டாட்டி கட்டின ராஜாதானேன்னு. அவரு எட்டாவது ஹென்றிங்க. நான் பேச வந்தது இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஹென்றி, 300 வருஷத்துக்கு மேல முன்னாடி இருந்தவரு. இவருக்கு ஒரே ஒரு பொண்டாட்டிதான், அந்த ஒருத்தரையும் ஏறக்குறைய 16 வருஷம் காவல்ல வெச்சிருந்தாரு.

இவரு எப்படி ராஜாவானாருன்னு சீக்கிரமா சொல்லிடறேன். தாத்தா முதலாம் ஹென்றியோட ஒரே வாரிசுப் பையன் 1120-ல கப்பல் முங்கி செத்துட்டான். மிச்சம் இருந்தது பொண்ணு மட்டில்டா. எல்லா பிரபுக்களும் அந்தம்மாவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க, கிழவரு கண்ண மூடினதும் அத்தை பையன் ஸ்டீபன் ஓடிப் போய் கிரீடத்தை வெச்சுக்கிட்டாரு. அப்புறம் வருஷக்கணக்கா சண்டை. ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையில முற்றுகையில மாட்டின மட்டில்டா, 1142 டிசம்பர்ல ராத்திரி வெள்ளைத் துணியைப் போத்திக்கிட்டு பனிமேல நடந்தே தப்பிச்சுப் போனாங்க. அந்தம்மாவோட பையன்தான் நம்ம ஹென்றி. 1154-ல பட்டம் கட்டிக்கிறப்போ வயசு 21.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு. பொண்ணு அக்கிட்டேன் நாட்டு எலினார், அதாவது பிரான்ஸோட தென்மேற்குல பெரிய சொத்துக்கு நேரடி வாரிசு. பிரெஞ்சு ராஜா ஏழாம் லூயிக்கு பொண்டாட்டியா இருந்தவங்க, அவருக்கு ரெண்டும் பொண்ணாப் பொறந்துடுச்சு, நாம ரெண்டு பேரும் சொந்தக்காரங்க, சர்ச் விதிப்படி இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு காரணம் சொல்லி 1152 மார்ச்சுல பிரிஞ்சாங்க. ரெண்டே மாசத்துல, மே 18, ஹென்றியோட கல்யாணம். இதுல வேடிக்கை என்னன்னா லூயியை விட ஹென்றிதான் எலினாருக்கு இன்னும் கிட்டத்து சொந்தம்! லூயிக்கு கிடைக்காத ஆண் பிள்ளை இங்க அஞ்சு பொறந்துச்சு, பொண்ணு மூணு. மூத்தவன் வில்லியம் சின்னக் கொழந்தையிலயே போயிட்டான். மிச்சம் நாலு பையன், ஹென்றி, ரிச்சர்டு, ஜெஃப்ரி, ஜான்.

ஆளு எப்படின்னு கேட்டீங்கன்னா, உக்காரவே மாட்டாரு. இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கன்னு யாருக்கும் தெரியாது, அரண்மனை ஆளுங்க மூட்டைய கட்டிக்கிட்டு பின்னாடியே ஓடணும். ஸ்காட்லாந்து எல்லையில இருந்து பிரான்ஸோட தெக்கு மலை வரைக்கும் சொத்து, ஆண்ட 34 வருஷத்துல பாதிகூட இங்கிலாந்துல இருக்கல. ஜூரி, கோர்ட்டுன்னு சட்டத்துக்கு அவரு செஞ்சது ரொம்ப பெருசு, அதுக்கு தனியா ஒரு கூட்டம் போடணும். நான் சொல்ல வந்தது வீட்டு விஷயம். சொத்தை பையனுங்க பேருக்கு எழுதி வெப்பாரு, சாவிய மட்டும் குடுக்க மாட்டாரு. அம்புட்டுதான் கதை.

1170 ஜூன்ல மூத்த பையன் ஹென்றிக்கு, அப்பா உசுரோட இருக்கப்பவே பட்டம் கட்டினாங்க. விருந்துல அப்பாவே காட்டுப்பன்னி தலைய தட்டுல தூக்கிட்டு வந்து பரிமாறினாராம், உலகத்துல எந்த இளவரசனுக்கும் இப்படி ஒரு பரிமாறுற ஆளு கிடைக்க மாட்டான்னு பக்கத்துல இருந்த ஆர்ச்பிஷப் சொல்ல, பிரபுவோட மகன் ராஜாவோட மகனுக்கு பரிமாறினா என்ன தப்புன்னு பையன் கேட்டானாம். கொஞ்ச காலம் கழிச்சு எழுதின கதை, எவ்வளவு நெஜமோ, ஆனா பையனோட கொழுப்பு தெரியுதுல்ல? கிரீடம் இருக்கு, முத்திரை இருக்கு, ஆள ஒரு அடி நிலம் இல்ல. அந்த வருஷக் கடைசியிலதான் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் பெக்கெட் கொலை, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, விடுங்க.

1173-ல கடைக்குட்டி ஜானுக்கு ஆறு வயசுல சம்பந்தம் பேசுறாங்க. உங்க பையனுக்கு என்ன சொத்து இருக்குன்னு பொண்ணு வீட்டுல கேக்குறாங்க. நியாயமான கேள்விதானே. ஹென்றி உடனே ஷினோன், லூதுன், மிர்போ, மூணு கோட்டைன்னுட்டாரு. அந்த மூணும் மூத்தவனுக்குன்னு சொல்லி வெச்சிருந்த ஆன்ஜூ பகுதியில இருக்கு! 18 வயசு பையன் கொதிச்சுப் போய் நான் ஒத்துக்க மாட்டேன்னான். அப்பா அவன கண் பார்வையிலயே வெச்சிருந்தும், ஷினோன் கோட்டையில இருந்து ராத்திரியோட ராத்திரியா கம்பிய நீட்டி பாரிஸுக்கு போயிட்டான். போனது யாருகிட்ட? மாமனார் லூயிகிட்ட, அதாவது அம்மாவோட பழைய புருஷன்கிட்ட. ஆமாங்க, லூயியோட ரெண்டாம் தாரத்துப் பொண்ணைத்தான் இவனுக்கு கட்டி வெச்சிருந்தாங்க. பின்னாடியே ரிச்சர்டும் ஜெஃப்ரியும் போனாங்க, எலினாரும் ஆம்பள வேஷத்துல கெளம்பினாங்க, வழியில மாட்டிக்கிட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச காவல்தான் அந்த 16 வருஷம்.

பசங்க லூயியோட சேந்து போட்ட சண்டையில அப்பா ஹென்றிதான் ஜெயிச்சாரு, பசங்கள மன்னிச்சாரு, பொண்டாட்டிய மட்டும் மன்னிக்கல. இது எனக்கு இன்னைக்கும் உறுத்தும். மூத்தவனுக்கு ரெண்டு கோட்டையும் வருஷப் பணமும் குடுத்தாரு, அதிகாரம் மட்டும் அப்பவும் இல்ல. 1183-ல அவன் மறுபடி கெளம்பி, மர்தெல்ங்கிற ஊருல சீதபேதியில படுத்துட்டான், அப்பாவ பாக்கணும்னு ஆள் அனுப்பினான். இதுவும் பொறியா இருக்கும்னு பயந்து ஹென்றி போகல, ஒரு மோதிரத்தை குடுத்து அனுப்பினாரு. பையன் செத்துட்டான், 28 வயசு.

பட்டதுக்கு அப்புறமாவது புத்தி வரணும்ல? இப்ப ரிச்சர்டுதான் மூத்தவன், அவன கூப்பிட்டு, அக்கிட்டேன ஜானுக்கு விட்டுக் குடுன்னாரு. அவன் சின்ன வயசுல இருந்து சண்டை போட்டு காப்பாத்தின நாடு, எப்படி குடுப்பான்? மூணு வருஷம் கழிச்சு ஜெஃப்ரியும் பாரிஸுல செத்துட்டான். 1188 நவம்பர்ல பான்மூலன்ல மூணு பேரும் நேருக்கு நேர் நிக்கிறாங்க, ஹென்றி, ரிச்சர்டு, லூயியோட மகன் ராஜா பிலிப். நான்தான் வாரிசுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்கன்னு ரிச்சர்டு கேக்குறான். அப்பா வாயே திறக்கல. ரிச்சர்டு அந்த இடத்துலயே திரும்பி பிலிப் முன்னாடி மண்டி போட்டு, பிரான்ஸுல இருக்கிற எங்க நெலத்துக்கெல்லாம் இனி நீங்கதான் எனக்கு மேலாளுன்னு சத்தியம் பண்ணிட்டான்.

அடுத்த வருஷம் ஜூன்ல ஹென்றி பொறந்த ஊரு லு மான் அவரு கண் முன்னாடியே எரிஞ்சுது. ஜூலையில காய்ச்சலோட குதிரை மேல உக்கார முடியாம உக்காந்து, சொன்ன நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டிட்டு ஷினோனுக்கு வந்து படுத்தாரு. துரோகம் பண்ணவங்க லிஸ்ட் குடுங்கன்னு கேட்டு வாங்கி வரச் சொன்னாரு, படிக்கிறாங்க, முதல் பேரே ஜான். யாருக்காக இத்தனையும் பண்ணாரோ அந்த ஜான். போதும், நிறுத்துன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்து ஈ ஓட்டினது கல்யாணம் இல்லாம பொறந்த இன்னொரு ஜெஃப்ரிதான். 1189 ஜூலை 6, உசுரு போச்சு.

போன உடனே வேலைக்காரங்க கையில கிடைச்சத எல்லாம் சுருட்டிட்டாங்க, உடம்பு மேல இருந்த துணி உட்பட. ஒரு சின்ன வீரன் தன்னோட குட்டை அங்கிய கழட்டி மூடினான். ஹென்றிக்கு வாலிபத்துல பட்டப் பேரே ‘குட்டை அங்கி’தான். அடக்கத்துக்கு சரியான கிரீடம்கூட கிடைக்காம, பழைய தங்கச் சரிகைய சுத்தி தலையில வெச்சாங்களாம்.

ஃபோந்தெவ்ரோ மடத்துல இன்னைக்கும் கல்லு சிலையா படுத்திருக்காரு, கல்லுல நல்ல கிரீடம், கையில செங்கோல். அதே மடத்துல எலினாரும் இருக்காங்க. ரிச்சர்டு ராஜாவானதும் வெளிய வந்து, அதுக்கப்புறம் 15 வருஷம் வாழ்ந்து, 1204-ல போனவங்க. அந்தம்மா கையில செங்கோல் இல்லீங்க, ஒரு புத்தகத்தை விரிச்சு வெச்சு நிம்மதியா படிச்சுக்கிட்டு இருக்காங்க.