கணக்கை நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்
(நுகர்வோர் சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கப் பெருமக்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, வேலையை முடித்துவிட்டு ஓடிவந்து பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்தவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேராவது இருப்பார்கள். அவர் இருக்கும் மேடையில் எனக்கும் ஓர் இடம் கொடுத்த செயலாளருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். பொன்னாடை வேண்டாம், நூலகத்துக்குப் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டேன், அப்படியே செய்திருக்கிறார்கள். அதற்கும் நன்றி.

கட்சிகள், தொழிற்சங்கங்கள், வரிப்பணம் என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வரிப்பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். அரசாங்கச் செலவுக் கணக்கை எடுத்தாலே எனக்கு அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. வரி கட்டுகிறவர் என்றால் ஆடிட்டர் வைத்திருப்பவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சோப்பு வாங்கும் அம்மாவும் வண்டிக்குப் பெட்ரோல் போடும் தம்பியும் வரி கட்டித்தான் வீடு திரும்புகிறார்கள்.

அந்தப் பணம் எப்படிப் போகிறது? சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டினார்கள். 2010 மார்ச் 13-ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார். குவிமாடம் கட்டி முடியவில்லை. திறப்பு விழாவுக்காக, சினிமாவுக்கு செட் போடுகிற கலை இயக்குநரை வைத்துத் தற்காலிகக் குவிமாடம் ஒன்றை எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. செயலகம் மறுபடியும் பழைய புனித ஜார்ஜ் கோட்டைக்கே போனது. சட்டமன்றத்துக்கென்று கட்டிய கட்டடத்தை மாற்றியமைத்து, 2014-இல் மருத்துவமனையாகத் திறந்தார்கள். அந்த மருத்துவமனையால் ஏழைகளுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கட்டியதற்கும் பணம், மாற்றியதற்கும் பணம், இரண்டும் நம்முடையது.

அதே 2011-இல் சமச்சீர்க் கல்விப் புத்தகங்களை அச்சடித்து வைத்திருந்தார்கள். புதிய அரசு அவற்றை நிறுத்திவைத்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்தது. அதிலும் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். கட்டியது ஒரு கட்சி, மாற்றியது இன்னொரு கட்சி. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஊரார் வீட்டு நெய், அவ்வளவுதான்.

கட்சிகளின் சொந்தக் கணக்கையாவது பார்க்க முடியுமா? 2013 ஜூன் 3-இல் மத்திய தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து தீர்ப்புச் சொன்னது. காங்கிரஸ், பா.ஜ.க., பகுஜன் சமாஜ், தேசியவாத காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகள். மேடைக்கு மேடை ஒருவரையொருவர் திட்டுகிறவர்கள், இந்தத் தீர்ப்பைக் கிடப்பில் போடுவதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். ஆறில் ஒன்றுகூட அதன்படி நடக்கவில்லை.

தொழிற்சங்கத்துக்கு வருகிறேன். இந்தியாவிலேயே முதல் முறையான தொழிற்சங்கம் 1918-இல் நம் சென்னையில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. திரு.வி.க. அதற்காக உழைத்தார். அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்றைக்குப் பஸ் டிப்போவுக்குப் போய்ப் பாருங்கள். கட்சிக்கு ஒரு சங்கம். ஆட்சி மாறினால் பலகை மாறுகிறது. ஆளுங்கட்சிச் சங்கத்துக்காரருக்கு இலகுவான டியூட்டி, மற்றவருக்கு நெடுந்தூர ரூட் என்று தொழிலாளர்களே புலம்புகிறார்கள். 2018 ஜனவரியில் பஸ் ஓடாமல் மக்கள் தவித்தார்கள். அப்போது ஓட்டுநரும் நடத்துநரும் சொன்ன குறையில் நியாயம் இருந்தது. அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தையே நிர்வாகம் வேறு செலவுக்கு எடுத்துவிட்டது என்றார்கள். ஆகவே என் கோபம் தொழிலாளி மேல் இல்லை. சங்கத்தைக் கட்சி அலுவலகம் ஆக்கியவர்கள் மேல். இதைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம், ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு நேரம் வேண்டும்.

அது கிராம சபை.

எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நடந்ததைச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, மைக் வைத்து, கிராம சபை நடக்கிறது. ஊராட்சிச் செயலர் வரவு செலவு படிக்கிறார். எப்படிப் படிக்கிறார்? விட்டால் பஸ் போய்விடும் என்பதுபோல் படிக்கிறார். குடிநீர்ப் பராமரிப்பு, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது... கூட்டம் டீக்காகக் காத்திருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி, முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், கையைத் தூக்கினார்.

“தம்பி, கொஞ்சம் நிறுத்து. அந்த மோட்டார் வரியை மறுபடி படி.”

படித்தார். கீழத்தெரு மோட்டார், கருகிப்போன காயிலை, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை, மறுபடி கட்டிய செலவு.

“எந்த மாசம்?”

மாசத்தைச் சொன்னார்.

“இன்னொரு தடவையும் மோட்டார்னு வந்துச்சே?”

அதையும் படித்தார். அதே மோட்டார். அடுத்த மாசம் மறுபடியும் காயில்.

பாட்டி எழுந்து நின்றார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “ஏண்டி கீழத்தெருக்காரிகளா, மோட்டாரு ஓடி எத்தனை மாசமாச்சு? நாம மேலத்தெருவுல இருந்து குடத்துல தூக்கிட்டு வர்றோம். ஓடாத மோட்டாரு எப்படிப்பா மாசாமாசம் கருகும்?”

பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். டீ ஆறிப்போனது, ஒருவரும் எடுக்கவில்லை. பில்லைக் காட்டு என்றார்கள். பில் ஆபீசில் இருக்கிறது என்றார் செயலர். ஆபீஸ் எதிரில்தான் இருக்கிறது, நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், எடுத்துவா என்றார் பாட்டி. பில் வந்தது. அந்தச் செலவை ஏற்கமாட்டோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டுத்தான் கலைந்தார்கள். அடுத்த வாரமே கீழத்தெருவில் தண்ணீர் வந்தது.

பாட்டி வழக்குப் போடவில்லை, மறியல் செய்யவில்லை. ‘ஊரார் வீட்டு நெய்’ என்றால், ஊரார் வந்து உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். எந்தக் கட்சி அட்டையும் வேண்டாம். நகரத்து நண்பர்களுக்கும் இப்போது கிராம சபை போலவே பகுதி சபை வந்திருக்கிறது. இவை ஒழுங்காக நடக்கவேண்டும் என்று கட்சிகளுக்கு அக்கறை இருந்திருந்தால், 2016-இலிருந்து 2019 வரை உள்ளாட்சித் தேர்தலே இல்லாமல் விட்டிருப்பார்களா? அதனால் உள்ளாட்சிகளுக்கு வரவேண்டிய மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது.

நம் சங்கம் கேட்பது இரண்டு. கணக்கு வாசிக்கும் அன்றைக்கு பில்லும் ரசீதும் சபையிலேயே இருக்கவேண்டும். கணக்கின் நகல் ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படவேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு மனு தயாராகிவிட்டது. வாசலில் மேசை போட்டு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது உங்கள் ஊராட்சியின் பெயரையும் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு உங்கள் தெருவிலிருந்து யார் யார் வருவார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட்டுப் போங்கள். சங்கத்து ஆட்கள் முதல்நாளே வந்து பார்ப்பார்கள். நன்றி, வணக்கம்.