லென்ஸுக்குள்ள ஒரு வாழ்நாள் கூட்டம்: கண்புரை எப்படி உருவாகுது?

[திரையில்: கண்ணின் குறுக்குவெட்டு. கண்மணிக்குப் பின்னால் லென்ஸ் மட்டும் ஒளிர்கிறது.]

நம்ம உடம்புல இருக்குற பெரும்பாலான புரதங்களுக்கு ஆயுசு கம்மி. சிலது சில மணி நேரம், சிலது சில வாரம். பழசானா செல் அதைப் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசு செஞ்சுக்கும். ஆனா கண்மணிக்கு நேர் பின்னால ஒரு லென்ஸ் இருக்கே, அதோட நடுமையத்துல இருக்குற புரதம் நாம பிறக்குறதுக்கு முன்னாடியே உருவானது. அதுக்கு மாத்து கிடையாது. எண்பது வயசுக்காரர் பார்க்குறது எண்பது வருஷப் பழைய புரதம் வழியாத்தான்.

இதைக் காட்டிக்கொடுத்தது அணுகுண்டு. 1950கள்லயும் 60களோட தொடக்கத்துலயும் வானத்துல நடந்த சோதனைகளால காத்துல கார்பன்-14ங்கிற கதிரியக்கக் கார்பனோட அளவு கிடுகிடுன்னு ஏறி, அப்புறம் மெல்ல இறங்குச்சு. உணவு வழியா அது எல்லார் உடம்புக்குள்ளயும் போச்சு. 2008-ல டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவங்களோட லென்ஸ் புரதத்துல அதை அளந்தாங்க. புரதம் உருவானப்ப இருந்த அளவு மாறாம அப்படியே இருந்ததால, அவங்க பிறந்த வருஷத்தையே கணிச்சுட்டாங்க. 2016-ல கிரீன்லாந்து சுறாவோட வயசைக் கணக்குப் போட்டதும் லென்ஸை வச்சுத்தான். 5 மீட்டர் நீளமான ஒரு பெண் சுறாவுக்குக் குறைஞ்சது 272 வயசு! சுறா கதை தனி வீடியோவுக்கு. இப்ப லென்ஸுக்கு வருவோம்.

ஏன் மாத்த முடியல? ஒளி தடையில்லாம போகணும்னு லென்ஸ் செல்கள் தங்களுக்குள்ள இருந்த உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாத்தையும் கழிச்சுக் கட்டிடுது. ரத்தக்குழாயும் கிடையாது. புதுப் புரதம் செய்யுற பட்டறையே மூடியாச்சு. புதுச் செல்கள் வெளிப்பக்கமா அடுக்கடுக்கா சேரும். பழசு உள்ளேயே மாட்டிக்கும்.

[திரையில்: நெருக்கமாக அடைந்த புரத உருண்டைகள். அவற்றினூடே ஒளிக்கதிர்.]

லென்ஸ் தெளிவா இருக்குன்னா உள்ள ஒண்ணும் இல்லைன்னு தோணும். உண்மை நேர்மாறு. அதோட எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு புரதம்தான். மிச்சம் பெரும்பாலும் தண்ணி. இவ்வளவு அடர்த்தியில புரதம் கலந்தா கலங்கித்தானே இருக்கணும்? 1971-ல ஜார்ஜ் பெனடெக்குங்கிற அமெரிக்க இயற்பியலாளர் இதுக்கு விளக்கம் சொன்னார். ஒவ்வொரு புரதமும் கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கத்தான் செய்யுது. ஆனா அதுங்க சீரா நெருக்கி நிக்கும்போது, சிதறுன அலைகள் ஒண்ணையொண்ணு ரத்து பண்ணிடும். படிகம் மாதிரி கச்சிதமான வரிசை வேண்டாம், பக்கத்துப் பக்கத்துல ஒரு ஒழுங்கு இருந்தாப் போதும். சில புரதங்கள் திரண்டு, ஒளியோட அலைநீளத்துக்கு ஈடான கட்டியா மாறினா அந்தக் கணக்கு உடைஞ்சிடும். காத்துல ஆவியா கலந்திருக்குற தண்ணி கண்ணுக்குத் தெரியாது, அதே தண்ணி துளித்துளியா திரண்டா மூடுபனி. லென்ஸ் கலங்குற கண்புரையும் அப்படித்தான்.

இந்தப் புரதங்களுக்குப் பேர் கிரிஸ்டலின். ஆல்ஃபா, பீட்டா, காமான்னு மூணு வகை. பீட்டாவும் காமாவும் ஒளியை வளைக்குற வேலையைப் பார்க்குதுங்க. ஆல்ஃபாவுக்குக் கூடுதலா ஒரு வேலை இருக்குன்னு 1992-ல ஜோசப் ஹார்விட்ஸ்ங்கிற ஆய்வாளர் காட்டினார். சூடாக்கினா மடிப்புக் குலைஞ்சு திரண்டுபோற புரதங்கள், பக்கத்துல ஆல்ஃபா இருந்தாத் திரளல. குலையுற புரதத்தை அது பிடிச்சு வச்சுக்குது. எனக்கு இந்தக் கதையிலயே பிடிச்ச பாத்திரம் இதுதான். ஆனா பிடிச்சதைப் பழைய வடிவத்துக்குத் திருப்ப அதால முடியாது, பிடியில வச்சிருக்க மட்டும்தான் முடியும். லென்ஸோட மையத்துல புது ஆல்ஃபாவும் வராது. இருக்குறது ஒவ்வொண்ணா செலவாகிக்கிட்டே போகும்.

இன்னொரு பக்கம் சேதம் நிக்காது. புற ஊதாக்கதிர், ஆக்சிஜனேற்றம், அமினோ அமிலங்கள்ல தானா நடக்குற வேதி மாற்றம். கந்தக அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுப் புரதங்களைப் பிணைச்சிடும். அதைத் தடுக்குற குளூட்டாத்தயோன்ங்கிற காப்புப் பொருள் நடுவயசுக்கு மேல மையம் வரைக்கும் சரியாப் போய்ச் சேர்றதில்ல. லென்ஸ் மஞ்சளாகும், பழுப்பாகும், கலங்கும். சர்க்கரை நோய், புகை, ஸ்டீராய்டு எல்லாம் இதை முன்கூட்டியே கொண்டுவரும். கிரிஸ்டலின் மரபணுவிலேயே பிழை இருந்தா குழந்தை புரையோட பிறக்கலாம்.

[திரையில்: கன்றுக்குட்டி லென்ஸ். குளிரில் வெளுக்கிறது, சூட்டில் தெளிகிறது.]

இளம் விலங்கோட லென்ஸைக் குளிர்விச்சா காமா கிரிஸ்டலின் தனியாப் பிரிஞ்சு வெள்ளையாகிடும். சூடேத்தினா பழையபடி தெளிஞ்சிடும்! அப்ப மருந்தால புரையைக் கரைக்க முடியாதா? 2015-ல லானோஸ்டிரால்ங்கிற பொருள் நாய்களோட புரையைக் குறைச்சதா ஒரு ஆய்வு வந்தப்ப பெரிய பரபரப்பு. அறுவையில எடுத்த மனித லென்ஸ்கள்ல பின்னால சோதிச்சப்ப அது பலிக்கல. குளிர்ல பிரியுற புரதம் முழுசாவே இருக்கு. வயசுப் புரையில அது வேதியளவுலயே மாறிப்போயிருக்கு. அதனால ‘புரை கரைக்கும் சொட்டு’ன்னு விளம்பரம் வந்தா நம்பாதீங்க.

இன்னைக்கு நிரூபணமான வழி அறுவைதான். மீயொலியால லென்ஸை உடைச்சு உறிஞ்சிட்டு, அதோட மெல்லிய உறைக்குள்ளயே செயற்கை லென்ஸை வைப்பாங்க. அதுல கிரிஸ்டலின் கிடையாது, அதனால புரை விழாது. சிலருக்குப் பின்னால பார்வை மறுபடி மங்கி, ‘புரை திரும்பிடுச்சு’ன்னு பயப்படுவாங்க. மிச்சமிருந்த செல்கள் அந்த உறையோட பின்சுவர்ல பரவுறதுதான் காரணம். யாக் லேசரால அதுல ஒரு சின்னத் துளை போட்டாப் போதும், சில நிமிஷ வேலை.